டெக்சாஸ்ல 18 முடியாத பொண்ணுக்கு கருத்தடை மாத்திரை வாங்கணுமா? யார் கையெழுத்து, என்ன பேப்பர், எவ்வளவு செலவு

டெக்சாஸ்ல 18 வயசு முடியாத பொண்ணுக்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதணும்னா அம்மா இல்ல அப்பா சம்மதம் கொடுக்கணும். மாத்திரை எதுக்காகங்கறது இங்க கணக்கே இல்ல. பீரியட்ஸ் நிக்காம போகுது, பிசிஓஎஸ், முகப்பரு, இல்ல நிஜமாவே கர்ப்பம் வரக்கூடாதுன்னு, எதுவா இருந்தாலும் அதே கையெழுத்துதான்.

என் அக்கா பொண்ணு பதினோராம் கிளாஸ் படிக்கறா, எங்ககூட டல்லாஸ் பக்கத்துல இருக்கா, அக்காவும் மாமாவும் கோயம்புத்தூர்ல பெரியவங்களைப் பாத்துக்க போயிருக்காங்க. மாசத்துல பாதி நாள் ப்ளீடிங், ஸ்கூல்ல மயக்கம், இரும்புச்சத்து தரைமட்டம். பல வாரம் காத்திருந்து கிடைச்ச அப்பாயின்மென்ட்டுக்கு கூட்டிட்டு போனா, ஃப்ரண்ட் டெஸ்க்ல இருந்த பொண்ணு ரொம்ப பணிவா "நீங்க அம்மா இல்லையே மேம்"னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நான் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் இங்க எழுதறேன், உங்க வீட்ல யாரும் அந்த டெஸ்க்கு முன்னாடி அப்படி நிக்க வேண்டாம். நான் வக்கீலும் இல்ல டாக்டரும் இல்ல, அலைஞ்சவ, அவ்வளவுதான்.

இது டெக்சாஸுக்கு மட்டும். கலிஃபோர்னியாலயோ நியூ மெக்ஸிகோலயோ இருக்கற ஃப்ரெண்டு "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்டி, பொண்ணே போய் வாங்கலாம்"னு சொல்லுவாங்க. அவங்க ஊர்ல அது சரி. உங்க ஊர்ல இல்ல.

1. பழைய தகவலை முதல்ல மனசுல இருந்து அழிங்க

நெட்ல தேடினா "டைட்டில் டென் கிளினிக்குக்கு போங்க, டீனேஜ் பசங்களுக்கு பேரன்ட்ஸ் சம்மதம் தேவையில்ல"ன்னு இன்னும் நிறைய பக்கங்கள் சொல்லிட்டு இருக்கு. டைட்டில் டென்னுங்கறது ஃபெடரல் கவர்மென்ட் காசுல நடக்கற குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் திட்டம், அங்க மட்டும் பல வருஷமா டெக்சாஸ்லயும் ரகசியமா கொடுத்துட்டு இருந்தாங்க. 2022 டிசம்பர்ல அமரில்லோ ஃபெடரல் ஜட்ஜ் ஒருத்தர் அதுக்கு எதிரா தீர்ப்பு கொடுத்தார், 2024 மார்ச்ல ஐந்தாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டும் பேரன்ட்ஸ் சம்மதம் கேக்கற டெக்சாஸ் சட்டம் அப்படியே நிக்கும்னு சொல்லிடுச்சு. அதனால இப்ப டைட்டில் டென் கிளினிக்கா இருந்தாலும், பிளான்ட் பேரன்ட்ஹுட்ங்கற குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்கா இருந்தாலும், உங்க வழக்கமான பீடியாட்ரிஷியனா இருந்தாலும் 18க்கு கீழன்னா கையெழுத்து கேப்பாங்க. ஒரு பக்கத்துல எந்த தேதில எழுதினதுன்னு இல்லைன்னா அதை நம்பி காரை எடுக்காதீங்க.

2. கையெழுத்து போட யாருக்கு உரிமைன்னு பாருங்க

அம்மா அப்பா ஒண்ணா இருக்கற வீடுன்னா ஈஸி, ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும். பிரச்சினை எல்லாம் மத்த வீடுகள்லதான்.

டைவர்ஸ் ஆன வீடுன்னா கோர்ட் ஆர்டரை எடுத்து "மெடிக்கல்"ங்கற வார்த்தை எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் படிங்க. டெக்சாஸ் ஆர்டர்கள்ல சாதாரண வைத்தியத்தையும் உடம்புக்குள்ள கருவி வைக்கற மாதிரி வைத்தியத்தையும் தனித்தனியா பிரிச்சு எழுதியிருப்பாங்க. மாத்திரைக்கு பொண்ணு அந்த நேரத்துல யார்கிட்ட இருக்காளோ அவங்க சம்மதம் பெரும்பாலும் போதும், ஆனா கர்ப்பப்பைக்குள்ள வைக்கற ஐயூடியோ கையில வைக்கற இம்ப்ளான்ட்டோன்னா அந்த உரிமை அம்மாவுக்கு மட்டுமா, அப்பாவுக்கு மட்டுமா, ரெண்டு பேரும் சேர்ந்தான்னு ஆர்டர் சொல்றதுதான். ஆர்டர் காப்பி இல்லாம போனா கிளினிக் ரிஸ்க் எடுக்காது.

சித்தி, மாமா, பாட்டி, 18 தாண்டின அக்கா அண்ணன்லாம் சம்மதம் கொடுக்கலாம்னு டெக்சாஸ் குடும்பச் சட்டத்துல நிஜமாவே ஒரு பிரிவு இருக்கு. நானும் அதை ப்ரின்ட் எடுத்துட்டு போனேன். ஆனா அதுல ஒரு கொக்கி: உரிமை உள்ள அம்மா அப்பாவை தொடர்பு கொள்ள முடியாதப்பதான் அது செல்லும். "அம்மாகிட்ட ஃபோன்ல பேச முடியுமா?"ன்னு கேட்டாங்க. வாட்ஸ்அப்ல காலையிலதான் பேசினேன்னு சொன்னேன். அவ்வளவுதான், அந்தப் பிரிவு அங்கேயே முடிஞ்சுது. ஊர்ல இருக்கற அம்மா அப்பா "தொடர்பு கொள்ள முடியாதவங்க" கிடையாது.

பொண்ணே தனக்கு சம்மதம் கொடுக்கற சந்தர்ப்பங்களும் இருக்கு, ஆனா ரொம்ப குறுகல்: 16 வயசு தாண்டி, பெத்தவங்களை விட்டு தனியா இருந்து, தன் காசு விஷயத்தை தானே பாத்துக்கறவ; ராணுவத்துல இருக்கறவ; கோர்ட்ல மைனர் நிலையை நீக்கிக்கிட்டவ. செக்ஸ் மூலமா வர்ற தொற்றுநோய்க்கு டெஸ்ட்டும் ட்ரீட்மென்ட்டும் பொண்ணே வாங்கிக்கலாம், கர்ப்பமா இருந்தா அந்த கர்ப்பத்துக்கான பராமரிப்புக்கும் அவளே கையெழுத்து போடலாம். குழந்தை பெத்த பதினாறு வயசுப் பொண்ணு அந்த குழந்தையோட வைத்தியத்துக்கு கையெழுத்து போடலாம், ஆனா அம்மாவா இருக்கறதால மட்டும் தனக்கு மாத்திரை வாங்கற உரிமை வந்துடாது. இதுல என்ன நியாயம்னு கேக்காதீங்க, எனக்கும் புரியல.

3. பெத்தவங்க ஊர்ல இருந்தா பேப்பர் ரெடி பண்ணுங்க (இதுதான் பெரிய வேலை)

மூணு வழி இருக்கு, சின்னதுல இருந்து பெருசுக்கு சொல்றேன்.

முதல் வழி, கிளினிக்கோட சொந்த ஃபார்ம். நிறைய கிளினிக்ல "பேரன்ட் இல்லாம வேற பெரியவங்க கூட்டிட்டு வரலாம்"னு ஒரு ஃபார்ம் வெச்சிருக்காங்க, அம்மா ஈமெயில்ல கையெழுத்து போட்டு அனுப்பலாம். காய்ச்சல், தடுப்பூசிக்கு இது போதும், புது மாத்திரை ஆரம்பிக்கணும்னா சில இடத்துல அதுக்கு மேல அம்மாகிட்ட ஃபோன்ல நேரா கேக்கணும்பாங்க. ஃபோன் சம்மதம் ஏத்துப்பாங்களா, வெளிநாட்டு நம்பருக்கு கூப்பிடுவாங்களான்னு முன்னாடியே கேளுங்க. எங்க முதல் கிளினிக்ல இருந்து 91ல ஆரம்பிக்கற நம்பருக்கு கால் போகாது, வாட்ஸ்அப் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. இன்னொரு விஷயம், டல்லாஸுக்கும் கோயம்புத்தூருக்கும் கோடையில பத்தரை மணி நேரம், குளிர்காலத்துல பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். மத்தியானம் ரெண்டு மணி அப்பாயின்மென்ட்னா அங்க நடுராத்திரி தாண்டிடும், அக்கா தூக்கத்துல ஃபோனை எடுக்கலைன்னா அன்னிக்கு வேலை போச்சு. காலையில எட்டு மணி ஸ்லாட் கேளுங்க, அங்க சாயங்காலம்தான்.

ரெண்டாவது, நீங்களே எழுதற சம்மதக் கடிதம். சட்டம் கேக்கறது இவ்வளவுதான்: எழுத்துல இருக்கணும், சம்மதம் கொடுக்கறவங்க கையெழுத்து, பொண்ணு பேரு, அம்மா அப்பா பேரு, கொடுக்கறவங்க பேரும் உறவும், என்ன வைத்தியம்ங்கறது, எந்த தேதில ஆரம்பிக்குதுங்கறது. வெறுமனே "என் மகளுக்கு தேவையான வைத்தியம் செய்ய சம்மதிக்கிறேன்"னு எழுதினா போதாதுன்னு சொல்ற கிளினிக் நிறைய. "அதிக ரத்தப்போக்குக்கு ஹார்மோன் மாத்திரை, கருத்தடை மாத்திரை உட்பட"ன்னு வெளிப்படையா எழுதுங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்த வார்த்தையை எழுத கை கூசும், அக்காவே "அதை எழுதித்தான் ஆகணுமா"ன்னு கேட்டா. எழுதித்தான் ஆகணும், ஏன்னா டாக்டர் ப்ரிஸ்க்ரிப்ஷன்ல எழுதப் போறதும் அதைத்தான்.

மூணாவது, பொண்ணு உங்க வீட்ல மாசக்கணக்கா இருக்கப் போறான்னா இதுதான் சரியான வழி. டெக்சாஸ் குடும்பநலத் துறை வெச்சிருக்கற ஆத்தரைசேஷன் அக்ரிமென்ட், ஃபார்ம் நம்பர் 2638. துறையோட வெப்சைட்ல இலவசமா கிடைக்கும், வக்கீல் தேவையில்ல. இதுல பெத்தவங்க உங்களுக்கு வைத்திய சம்மதம், ஸ்கூல் சேர்க்கைன்னு பல உரிமைகளை ஒரே பேப்பர்ல கொடுக்கறாங்க, எப்ப வேணாலும் திரும்ப எடுத்துக்கலாம், இதனால பொண்ணு மேல அவங்க உரிமை எதுவும் போயிடாது. பெத்தவங்களும் நீங்களும் நோட்டரி முன்னாடி கையெழுத்து போடணும். ஒரே ஒரு பேரன்ட் மட்டும் போட்டா, இன்னொருத்தருக்கு 10 நாளுக்குள்ள ரெஜிஸ்டர்ட் தபால் மாதிரி சர்டிஃபைட் மெயில்ல காப்பி அனுப்பணும், இதை மறந்தா பேப்பர் செல்லாம போக வாய்ப்பு இருக்கு.

நோட்டரிதான் தலைவலி. உங்க கையெழுத்துக்கு உங்க பேங்க்ல போனா அக்கவுன்ட் இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் இலவசம், வெளியில போனா முதல் கையெழுத்துக்கு 10 டாலர் வரைக்கும் வாங்கலாம். ஊர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு சாய்ஸ். சென்னை அமெரிக்கன் கான்சுலேட்ல அப்பாயின்மென்ட் எடுத்து நேர்ல போகணும், ஒரு சீலுக்கு 50 டாலர், ரெண்டு பேருக்கும்னா 100, கோயம்புத்தூர்ல இருந்து ட்ரெயின் டிக்கெட் தனி. இல்லைன்னா டெக்சாஸ் ஆன்லைன் நோட்டரி, வீடியோ கால்ல பாஸ்போர்ட்டை காட்டி கையெழுத்து போடலாம், வழக்கமான ஃபீஸுக்கு மேல 25 டாலர் வரைக்கும் வாங்குவாங்க. இதுல ஒரு பொறி: ஆளை உறுதி பண்ண "நீங்க முன்னாடி எந்த தெருவுல இருந்தீங்க, எந்த கார் லோன் வெச்சிருந்தீங்க"ன்னு அமெரிக்க கிரெடிட் ஹிஸ்டரில இருந்து கேள்வி வரும். அக்கா பல வருஷம் இங்க இருந்தவ, அதனால பாஸ் ஆயிட்டா. சோஷியல் செக்யூரிட்டி நம்பரே இல்லாத பெத்தவங்களுக்கு இது பெரும்பாலும் நடக்காது, கான்சுலேட்தான். மாமா பழைய அப்பார்ட்மென்ட் நம்பரை மறந்து போய் முதல் தடவை ஃபெயில் ஆனார், பழைய லீஸ் பேப்பரை பக்கத்துல வெச்சுக்க சொல்லுங்க.

இந்த அக்ரிமென்ட்ல ரெண்டு விஷயத்துக்கு மட்டும் உங்களுக்கு அதிகாரம் வராது: கருக்கலைப்பு, அவசர கருத்தடை. அவசர கருத்தடை மாத்திரை கடையிலேயே கிடைக்கும், அதை கீழ சொல்றேன், ஆனா டாக்டர்கிட்ட போய் உங்க கையெழுத்துல வாங்க முடியாது.

கையெழுத்தெல்லாம் முடிஞ்சதும் ஸ்கேன் பண்ணி அப்பாயின்மென்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது கிளினிக்குக்கு அனுப்பிடுங்க. நேர்ல கொண்டு போய் நீட்டினா "எங்க லீகல் டீம் பாக்கணும்"னு சொல்லுவாங்க, அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும்.

4. அப்பாயின்மென்ட் எங்க, எப்படி

கைனக்கை தேடி ஓடணும்னு இல்ல. மாத்திரை எழுத பீடியாட்ரிஷியனோ ஃபேமிலி டாக்டரோ போதும், அங்க அப்பாயின்மென்ட் சீக்கிரம் கிடைக்கும், பொண்ணுக்கும் பழகின முகம். ஐயூடி, இம்ப்ளான்ட், இல்ல ப்ளீடிங் ரொம்ப சிக்கல்னாதான் கைனக். கைனக்னா "எத்தனை வயசுல இருந்து பாப்பீங்க"ன்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க, சிலர் 18க்கு கீழ எடுக்கறதே இல்ல. புது பேஷன்ட்டுக்கு வாரக்கணக்குல வெயிட்டிங் இருக்கும், அந்த நேரத்தை மூணாவது ஸ்டெப்புக்கு பயன்படுத்திக்கோங்க.

ஆன்லைன்ல மாத்திரை அனுப்பற கம்பெனிகள் நிறைய வந்தாச்சு. அங்க கணக்கு பேஷன்ட் அந்த நேரத்துல எந்த மாநிலத்துல உக்காந்திருக்காங்கறதுதான். டெக்சாஸ்ல இருந்துட்டு வேற மாநில அட்ரஸ் போட்டா வேலைக்கு ஆகாது, பொய் சொன்ன கணக்கும் ஆயிடும்.

ஸ்கூல் நர்ஸ்கிட்ட இதுக்காக போகாதீங்க. 2025 செப்டம்பர் 1ல இருந்து வந்த சட்டத்தால ஸ்கூல்ல வைத்திய சேவைகளுக்கு பெத்தவங்க எழுத்துல சம்மதம் கொடுத்திருக்கணும், ஸ்கூல் ஆரம்பத்துல வந்த அந்த ஃபார்மை நீங்க இன்னும் அனுப்பலைன்னா இன்னிக்கே அனுப்புங்க, மயங்கி விழற பொண்ணுக்கு அது ரொம்ப முக்கியம்.

5. கையில எடுத்துட்டு போக வேண்டியது

பெத்தவங்க ஃபோட்டோ ஐடி, நீங்கதான் கூட்டிட்டு போறீங்கன்னா உங்களோடதும். பொண்ணோட ஐடி, பாஸ்போர்ட்டோ ஸ்கூல் ஐடியோ. இன்ஷூரன்ஸ் கார்டு ரெண்டு பக்கமும். சம்மத பேப்பர் ஒரிஜினலும் காப்பியும்.

பர்த் சர்டிஃபிகேட் காப்பியை கண்டிப்பா வெச்சுக்கோங்க. நம்ம பேரு சிஸ்டம் இவங்களுக்கு புரியவே புரியாது. பொண்ணோட லாஸ்ட் நேம் அப்பா பேரு, அம்மாவோட லாஸ்ட் நேம் தாத்தா பேரு, அப்பாவோட லாஸ்ட் நேம் அவரோட அப்பா பேரு, ஒரே வீட்ல மூணு லாஸ்ட் நேம். "உங்க பேரும் பொண்ணு பேரும் சேரலையே"ன்னு சொந்த அம்மாவையே சந்தேகமா பாப்பாங்க. இந்தியன் பாஸ்போர்ட்னா கடைசி பக்கத்துல அம்மா அப்பா பேரு இருந்தா அதைக் காட்டலாம், அமெரிக்கன் பாஸ்போர்ட்ல அது கிடையாது.

அப்புறம் ஒரு பேப்பர்ல இதெல்லாம் எழுதி எடுத்துட்டு போங்க: கடைசி மூணு நாலு மாசம் பீரியட்ஸ் ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி, ஒரு நாளைக்கு எத்தனை பேட்; சாப்பிடற மாத்திரைகள், ஊர்ல இருந்து வந்த சித்த மருந்து லேகியம் உட்பட; தலைவலி வரும்போது கண்ணுல மின்னல் மாதிரி தெரியுமா; வீட்ல யாருக்காவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக் கட்டி வந்திருக்கா. கடைசி ரெண்டும்தான் எந்த மாத்திரை கொடுக்கலாம்னு முடிவு பண்ணும், ஏன்னா ஈஸ்ட்ரோஜன் இருக்கற மாத்திரை அந்த மாதிரி மைக்ரேன் உள்ளவங்களுக்கு ஆகாது. ரத்தக் கட்டி விஷயத்துக்கு ரெண்டு பக்க பாட்டிகிட்டயும் கேளுங்க, "பெரியத்தைக்கு கால் வீங்கி ஆஸ்பத்திரில கிடந்தா"ன்னு அப்பதான் வெளிய வரும்.

6. டாக்டர் ரூம்ல

கொஞ்ச நேரம் உங்களை வெளிய இருக்க சொல்லுவாங்க. பயப்படாதீங்க, எதுக்கறதும் வேண்டாம், இந்த வயசு பசங்க எல்லாருக்கும் அப்படித்தான். சிகரெட், மனசு, பாய்ஃப்ரெண்டு எல்லாம் கேப்பாங்க. பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, "கேக்கறதுக்கு உண்மையை சொல்லு, நான் வெளிய தோண்டி தோண்டி கேக்க மாட்டேன்"னு. டெக்சாஸ்ல செக்ஸுக்கு சம்மத வயசு 17, அதுக்கு கீழ இருக்கற பொண்ணோட பார்ட்னர் வயசு என்னன்னு கேக்கறதும் அதனாலதான், யாராவது தொந்தரவு பண்றாங்கன்னு டாக்டர் சந்தேகப்பட்டா ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், அதுல அவங்களுக்கு சாய்ஸ் இல்ல.

மாத்திரைக்கு பிபி பாப்பாங்க, வெயிட் பாப்பாங்க, பெரும்பாலும் அவ்வளவுதான். பிறப்புறுப்புல சோதனை தேவையில்ல, பாப் டெஸ்ட் (கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான சோதனை) 21 வயசுக்கு அப்புறம்தான். இதை பொண்ணுகிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, எங்க பொண்ணு அந்த பயத்துல முந்தின நாள் ராத்திரி தூங்கவே இல்ல. ப்ளீடிங்னா ரத்த டெஸ்ட் எழுதுவாங்க, தைராய்டு, இரும்பு, ரத்தம் உறையறது எல்லாம்.

"இதைப் போட்டா பின்னாடி குழந்தை பிறக்காம போயிடுமா"ங்கற கேள்வியை அக்கா ஃபோன்ல கேட்டா, டாக்டர் பொறுமையா இல்லைன்னு சொன்னாங்க, நிறுத்தினா பழையபடி கரு உருவாகும். ஊர்ல இருக்கற பெத்தவங்களை அந்த நேரத்துல லைன்ல வெச்சுக்கோங்க, நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க, டாக்டர் சொன்னா நம்புவாங்க.

7. செலவு

கம்பெனி இன்ஷூரன்ஸ்னா பெரும்பாலான பிளான்ல கருத்தடை மாத்திரைக்கு உங்க கையில இருந்து ஒண்ணும் கிடையாது, பசங்களுக்கும் சேர்த்துத்தான். மதக் காரணம் சொல்லி விலக்கு வாங்கின கம்பெனிகளும் ரொம்ப பழைய பிளான்களும் விதிவிலக்கு.

ஆனா டாக்டர் ஃபீஸ் வேற கதை. கருத்தடை ஆலோசனைன்னு பில் போட்டா அது தடுப்பு வைத்தியக் கணக்குல இலவசம், அதிக ரத்தப்போக்குன்னு பில் போட்டா சாதாரண விசிட், கோபே, டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்டற தொகை) எல்லாம் வரும். ரத்த டெஸ்ட்டும் டிடக்டபிள்ல போகும், எங்களுக்கு பெரிய அடி அங்கதான் விழுந்துச்சு. லேப் உங்க இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்ல இருக்கான்னு பாத்துட்டு ரத்தம் கொடுங்க, கிளினிக்லயே எடுத்து எங்கேயோ அனுப்பிடுவாங்க.

பொண்ணு விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல இருந்தா இதுல எதுவும் கவர் ஆகாதுன்னே வெச்சுக்கோங்க. கைக்காசு போட்டு வாங்கினா, வால்மார்ட் மாதிரி இடத்துல சில ஜெனரிக் மாத்திரைகள் மாசத்துக்கு சுமார் 10 டாலருக்கு கிடைக்கும், டாக்டர்கிட்ட "விலை கம்மியான ஜெனரிக் எழுதுங்க"ன்னு வாயைத் திறந்து கேளுங்க.

வருமானம் கம்மியான வீடுன்னா: ஹெல்தி டெக்சாஸ் விமன் திட்டத்துல 15ல இருந்து 17 வயசு பொண்ணுக்கு பெத்தவங்க அப்ளை பண்ணலாம், ஆனா சிட்டிசனோ தகுதியுள்ள இமிக்ரன்ட்டோ ஆகணும், ஹெச்4 விசால இருந்தா கிடைக்காது. மாநிலத்தோட ஃபேமிலி பிளானிங் ப்ரோக்ராம்ல சிட்டிசன்ஷிப் கேக்க மாட்டாங்க, டெக்சாஸ்ல இருக்கணும், வருமான வரம்பு உண்டு. சிப்ங்கற, வருமானம் கம்மியான வீட்டுப் பசங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்ல இருக்கறவங்க கவனிங்க, கர்ப்பத்தை தடுக்கறதுக்குன்னு மட்டும் எழுதினா கவர் பண்ணாது, வேற மருத்துவக் காரணம் இருந்தா பண்ணும், அதனால காரணத்தை ப்ரிஸ்க்ரிப்ஷன்ல எழுத சொல்லுங்க.

8. ஃபார்மசி

பேரும் பிறந்த தேதியும் சொன்னா யார் வேணாலும் வாங்கலாம், பொண்ணே போகலாம். முதல் தடவை மூணு மாசத்துக்கு மாத்திரை, அடுத்து ஒரு வருஷத்துக்கு மொத்தமா கவர் பண்ணணும்னு 2024ல இருந்து டெக்சாஸ் விதி இருக்கு, ஆனா பெரிய கம்பெனிகள் தாங்களே காசு போட்டு நடத்தற பிளான்கள் மாநில விதிக்குள்ள வராது, நம்ம ஐடி ஆளுங்க நிறைய பேர் அதுலதான் இருக்காங்க. இன்ஷூரன்ஸுக்கு கால் பண்ணி கேட்டுக்கோங்க. லீவுக்கு ஊருக்கு போறீங்கன்னா ஒரு மாசம் முன்னாடியே ரீஃபில் கேளுங்க, சீக்கிரம் வாங்கினா "டூ சூன்"னு ரிஜெக்ட் ஆகும்.

பீரியட்ஸ் ஆரம்பிச்ச அஞ்சு நாளுக்குள்ள மாத்திரையை ஆரம்பிக்கலைன்னா முதல் ஏழு நாள் கருத்தடைக்கு அதை நம்பக்கூடாது. முதல் ரெண்டு மூணு மாசம் நடுவுல லேசா ஸ்பாட்டிங் வரும், அதைப் பாத்து பாட்டி பேச்சைக் கேட்டு நிறுத்திடாதீங்க.

9. கையெழுத்தே இல்லாம கிடைக்கறது

இந்த பகுதி பொண்ணுங்களுக்கு. வீட்ல சொல்ல முடியாத நிலைமை சிலருக்கு இருக்கும்னு எனக்கு தெரியும், அதை ஒளிச்சு வெச்சு ஒரு வழிகாட்டி எழுதறதுல அர்த்தமில்ல.

காண்டம், எந்த வயசுலயும். ஓபில், இது ப்ரிஸ்க்ரிப்ஷன் இல்லாம கடையில விக்கற முதல் தினசரி கருத்தடை மாத்திரை, 2023 ஜூலைல அனுமதி கிடைச்சு 2024 மார்ச்ல கடைக்கு வந்துச்சு, வயசு வரம்பு கிடையாது, டெக்சாஸ்லயும் வாங்கலாம். கம்பெனி சொன்ன விலை ஒரு மாசத்துக்கு 19.99, மூணு மாசத்துக்கு 49.99 டாலர். இதுல ஈஸ்ட்ரோஜன் இல்ல. தினமும் ஒரே நேரத்துல போடணும், மூணு மணி நேரத்துக்கு மேல லேட் ஆனாலோ, புதுசா ஆரம்பிச்சாலோ, அடுத்த 48 மணி நேரம் காண்டமும் வேணும். ப்ளீடிங்குக்கு வைத்தியமா இதை நீங்களே வாங்கிப் போடாதீங்க, அதுக்கு டாக்டர்தான்.

பிளான் பி, அதாவது அவசர மாத்திரை, 2013ல இருந்து வயசு வரம்பும் இல்ல ஐடியும் வேண்டாம். 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிராண்டு 40, 50 டாலர் இருக்கும், அதே மருந்து ஜெனரிக்ல கம்மி. சில கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருப்பாங்க, திறக்க சொல்லி கேட்டா போதும், வயசு கேட்டு மறுத்தா அது அந்த கடைக்காரர் தப்பு, அடுத்த கடைக்கு போங்க. இது கருவைக் கலைக்காது, டெக்சாஸ்ல சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

இதுக்கு மேல சந்தேகம்னா ஜேன்ஸ் டியூ ப்ராசஸ்னு ஒரு டெக்சாஸ் அமைப்பு இருக்கு, டீனேஜ் பசங்களுக்கு இந்த விஷயங்கள்ல உதவறதுதான் அவங்க வேலை.

10. யாருக்கு என்ன தெரியும்

இன்ஷூரன்ஸ்ல எது பண்ணாலும் கணக்கு விவரம் பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு போகும். 2025 செப்டம்பர்ல இருந்து டெக்சாஸ்ல மைனரோட எலெக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்டை பெத்தவங்க முழுசா பாக்க முடியணும்னு சட்டம் வந்தாச்சு, அதனால முன்னாடி மாதிரி போர்ட்டல்ல (கிளினிக்கோட ஆன்லைன் ரெக்கார்டு பக்கம்) டீனேஜ் பகுதி மறைஞ்சிருக்கும்னு நினைக்க வேண்டாம். பெத்தவங்களுக்கு நான் சொல்றது, பாக்க முடியும்ங்கறதுக்காக தினமும் திறந்து டாக்டர் நோட்ஸை படிச்சுட்டு இருந்தீங்கன்னா அடுத்த தடவை பொண்ணு டாக்டர்கிட்ட வாயே திறக்க மாட்டா. ஃபார்மசி மெசேஜ் எந்த நம்பருக்கு வருதுன்னும் பாத்துக்கோங்க, எங்க வீட்ல குடும்ப ஐபேட்ல "மாத்திரை ரெடி"ன்னு ஹால்ல விருந்தாளி முன்னாடி குதிச்சு வந்துச்சு.

11. 18 ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி

பிறந்தநாள் அன்னிக்கே எல்லாம் தலைகீழ். அன்னிலேருந்து அவ கையெழுத்துதான், ஃபார்ம் 2638 வெறும் காகிதம், உங்க போர்ட்டல் லாகின் வேலை செய்யாது, டாக்டருக்கு ஃபோன் பண்ணா "பேஷன்ட்டை பேச சொல்லுங்க"ம்பாங்க. அதனால பிறந்தநாளுக்கு முந்தின மாசமே ரீஃபில் வாங்கி வெச்சுட்டு, அவ பேர்ல புது போர்ட்டல் அக்கவுன்ட்டுக்கு ஈமெயில் ரெடி பண்ணி வைங்க. காலேஜுக்கு ஆஸ்டினோ காலேஜ் ஸ்டேஷனோ போறான்னா, 18 ஆனதும் அவகிட்ட மெடிக்கல் பவர் ஆஃப் அட்டர்னியும் (அவளால முடியாதப்ப வைத்திய முடிவை நீங்க எடுக்க அதிகாரம் கொடுக்கற பேப்பர்), டாக்டர் உங்ககிட்ட பேசலாம்ங்கற ரிலீஸ் ஃபார்மும் கேட்டு வாங்கிக்கலாம், கொடுக்கறதும் கொடுக்காததும் அவ இஷ்டம். 26 வயசு வரைக்கும் அப்பா இன்ஷூரன்ஸ்லயே இருக்கலாம், கணக்கு பேப்பர் அப்பவும் அப்பாவுக்குத்தான் வரும், அது வேண்டாம்னா தன் அட்ரஸுக்கு அனுப்ப சொல்லி அவளே இன்ஷூரன்ஸுக்கு எழுதணும்.